வலி தணிக்கும் மருந்தும் குடலிறக்கமும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இரண்டு செய்திகள் பெரும்பாலும் மறைவாகவே இருந்து வருகின்றன. ஒன்று, வீட்டுப் பெரியவரின் வேட்டிக்குள் மறைந்திருக்கும் குடலிறக்கம். மற்றொன்று, அவருடைய பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடக்கும் வலி மாத்திரை. முன்னதை வெட்கத்தினால் மறைக்கிறார். பின்னதை, பிள்ளைகள் வீண்கவலை கொள்ளலாகாதே என்னும் பரிவினால் மறைக்கிறார். இவ்விரண்டும் ஓருடலில் சேருமிடத்து நேரக்கூடிய தீங்குகளையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எழுத்தர். ஆதலின் மருந்து சொல்ல இங்கு முற்படவில்லை. மருத்துவ உலகம் தெளிவாகக் கண்டுரைத்தவற்றை மட்டும், நம் வீட்டுப் பெரியோரும் தாய்மாரும் விளங்கிக்கொள்ளும் வகையில் தொகுத்துத் தருகிறோம்.

குடலிறக்கம் என்பது யாது?

நம் வயிற்றின் முன்சுவர் தசைகளாலும் உறுதியான நார்ச் சவ்வுகளாலும் ஆனது. அச்சுவரில் இயற்கையாகவே வலிமை குன்றிய இடங்கள் சில உள. ஆண்குழந்தை கருவில் வளருங்கால் விதைகள் வயிற்றினின்றும் கீழிறங்கி வந்த வழி, தொடைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயின் அருகிலுள்ள இடைவெளி, தொப்புள், முன்னர் அறுவை செய்த தழும்பு ஆகியன அவற்றுள் முக்கியமானவை. வயிற்றினுள் அழுத்தம் மிகும்போது, கொழுப்போ குடலின் ஒரு மடிப்போ அவ்விடங்களின் வழியே வெளியே பிதுங்குகிறது. இதுவே குடலிறக்கம். வடநாட்டில் ‘ஹர்னியா’ என்றும், பேச்சு வழக்கில் ‘ஆந்த் உதர்னா’ என்றும் கூறுவர். குடல் இறங்குதல் என்பதே இந்தியிலும் அதற்குப் பொருளாகும்.

இஃது அரிய நோயன்று. 2018ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, வாழ்நாளில் ஆண்களில் 100க்கு 27 முதல் 43 பேருக்கும், பெண்களில் 3 முதல் 6 பேருக்கும் அரைப்பகுதியில் குடலிறக்கம் ஏற்படக்கூடும். படுத்தால் உள்ளே போவதும், நின்றால் வெளியே வருவதுமாகப் பல ஆண்டுகள் கழிவதுண்டு. இந்நிலையில் அது தொல்லையே தவிர ஆபத்தன்று. ஆனால் பிதுங்கிய குடல் குறுகிய வாயிலில் சிக்குண்டு உள்ளே திரும்ப இயலாமற் போவதும், அதன் கழுத்து நெரிபட்டு இரத்த ஓட்டம் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது அக்குடற்பகுதி சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். உடனே அறுவை செய்யாவிடில் உயிருக்கே இறுதியாகும்.

இவ்வாறு நெரிபடுதல் எத்தனை பேருக்கு நேரும்? வட அமெரிக்காவில் 720 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மிகக் குறைந்த தொல்லையே உடையவர்களைத் தேர்ந்து, ஒரு சாராருக்கு அறுவை செய்தனர்; மற்றொரு சாராரைக் கண்காணிப்பில் வைத்திருந்தனர். காத்திருந்தோரில் திடீர் ஆபத்து நேர்ந்தது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவே. ஆயினும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, 10 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி மிகுந்தமையால், தாமே அறுவைக்கு இசைந்தனர். தொடையின் மேற்புறத்தில் தோன்றும் வகையோ இதனின்றும் வேறுபட்டது. அது வயது முதிர்ந்த பெண்களிடம் மிகுதி. 1991இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வு, அவ்வகை தோன்றிய மூன்றே மாதங்களில் 100க்கு 22 பேருக்கு நெரிபட வாய்ப்புண்டு என்றும், 21 மாதங்களில் அது 45 ஆகும் என்றும் கணக்கிட்டது. ஆதலின், ‘ஆண்பிள்ளைகள் நோய்’ என்று எண்ணித் தாய்மார் தம் தொடையிடுக்கில் தோன்றும் சிறு வீக்கத்தை அலட்சியம் செய்தல் கூடாது.

மேலே கூறிய ஆய்வில் ஒரு குறிப்பு நம் பொருளுக்கு வாயிலாக அமைகின்றது. குடலிறக்கம் உடையவரை அறுவை மேசைக்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் வலியே. அவ்வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டே காலங்கடத்துவோர் நம்மிடையே பலர். அம்மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

அபினிக் குடும்பம்

நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசா, அபினிச் செடியின் விதை. அச்செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்ததே அபினி. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் பகுதிகளிலும், ராஜஸ்தானத்திலும், உத்தரப்பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத் தொழிற்சாலைகள் உள்ளன. அபினியிலிருந்து மார்ஃபின் என்னும் சத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான செர்ட்யூர்னர் பிரித்தெடுத்து, கிரேக்கர்களின் கனவுத் தெய்வத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். 1832இல் கோடீன் கண்டறியப்பட்டது. பின்னர்ச் செடியின் துணையின்றியே ஆய்வுக்கூடங்களில் ஆக்கப்பட்டவை பெதிடின், ஃபென்டனில், ட்ரமடால், டாபென்டடால் முதலியன. இவையனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரே வகையான வாயில்களைத் தட்டி வலியை அடக்குபவை.

பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் ஒரு மயக்கத்திற்கு இங்கு இடமுண்டு. பாராசிட்டமாலையும் ட்ரமடாலையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்பதுண்டு. அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் விளங்கும் வணிகப் பெயரை மட்டும் நோக்கினால் உள்ளே இருப்பது தெரியாது. பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பெயரைப் படித்தறிதல் வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் ட்ரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டுள்ளது. மருத்துவர் சீட்டின்றி அதனை விற்பது குற்றம்.

குடலுக்குள் நிகழ்வது

இம்மருந்துகள் தட்டும் வாயில்கள் மூளையில் மட்டும் இல்லை. குடலின் சுவரிலும் நிரம்ப உள்ளன. உண்ட உணவை அலையலையாக முன்னே தள்ளிச் செல்லும் குடலின் இயக்கத்தை மேற்படி மருந்துகள் மந்தப்படுத்துகின்றன. குடலில் சுரக்கும் நீரைக் குறைக்கின்றன. நெடுநேரம் தங்கிய மலத்தின் நீர் உறிஞ்சப்பட்டு அது கல்லாக இறுகுகிறது. ஆசனவாயின் வளையத் தசையும் எளிதில் தளர்வதில்லை. இதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்த நாம் உட்கொள்ளும் லோபரமைடு என்னும் மருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்ததே! வழக்கமான அளவில் அது மூளைக்குள் புகாது. குடலில் மட்டும் வேலை செய்யும். போக்கை நிறுத்த வல்ல அதே ஆற்றல், போக்கு இல்லாதவரிடம் மலச்சிக்கலாக முடிகிறது.

இன்னொன்றும் அறியத்தக்கது. மயக்கம், குமட்டல் முதலிய பிற தொல்லைகள் சில நாட்களில் உடலுக்குப் பழகிக் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் அவ்வாறு பழகுவதில்லை. மருந்து உள்ளவரை அதுவும் உடனிருக்கும்.

மலம் இறுகியவர் முக்குகிறார். முக்கும்போது வயிற்றினுள் அழுத்தம் உயர்கிறது. இளைஞர்களிடம் அளந்து பார்த்தபோது, படுத்திருக்கையில் பாதரச அளவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராக இருந்த அழுத்தம், நிற்கையில் 20 ஆகவும், மூச்சடக்கி முக்குகையில் அதைப்போல் இரு மடங்காகவும், இருமுகையில் 100க்கு மேலும் ஏறியது. சுவரில் ஏற்கெனவே துளையுடையவருக்கு இவ்வழுத்தம் அத்துளையின் மீதே சென்று தாக்கும். நாள்தோறும் கழிப்பறையில் கால்மணி நேரம் முக்குபவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். இம்மருந்துகள் வாந்தியையும் உண்டாக்குவன. வாந்தி எடுக்குங்காலும் வயிறு இறுகி அழுத்தம் மிகும்.

அபினி வகை மருந்தே குடலிறக்கத்தைத் தோற்றுவிக்கிறது என்று இதனால் முடிவு கட்டலாகாது. மலச்சிக்கல் மட்டுமே அரைக் குடலிறக்கத்தை உண்டாக்குமா என்பதிலும் ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பிறவி அமைப்பு, குடும்ப வழி, முதுமை ஆகியனவே அடிப்படைக் காரணங்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள துளையின் வழியே மிகுதியாகப் பிதுங்கவும், தைத்து மூடிய இடத்தில் வலி எழவும், முக்குதல் ஏதுவாகும். ஆகவேதான் அறுவைக்கு முன்னும் பின்னும் முக்காமல் இருக்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

வலி மறைதல் என்னும் பேராபத்து

மலச்சிக்கலைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. உடலில் வலி என்பது ரயில் பாதையிலுள்ள கைகாட்டியைப் போன்றது. சிவப்பு விளக்கைத் துணியால் மூடிவிட்டால் ஓட்டுநருக்கு அச்சம் நீங்கலாம்; முன்னேயுள்ள ஆபத்து நீங்குமோ?

நம் அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவரின் தந்தையாருக்கு நேர்ந்ததை, அவ்வன்பரின் இசைவுடன் இங்கே கூறுகிறோம். எழுபது வயதைக் கடந்த அப்பெரியவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாக வலப்புற அரையில் குடலிறக்கம் இருந்து வந்தது. மனைவியார் மறைந்த பின் ஊரை விட்டு மகனுடன் குவார்ட்டர்ஸில் வந்து தங்கினார். மொழி அறியாத ஊர், பேசத் துணையில்லாத பகற்பொழுது, ஓயாத முழங்கால் வலி. கால் முறிந்து குணமடைந்த அண்டை வீட்டார் ஒருவர், தம்மிடம் எஞ்சியிருந்த மாத்திரை அட்டைகளை அன்போடு அவரிடம் கொடுத்தார். அவை ட்ரமடால். வலி நின்றது. ஒரு வாரத்தில் மலமும் நின்றது. பெரியவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மாலை கழிப்பறையில் முக்கியபோது வீக்கம் பெரிதாக இறங்கிற்று. படுத்தும் உள்ளே போகவில்லை. வலி பொறுக்க இயலாமல் இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு உறங்கிப் போனார். விடியற்காலையில் வாந்தி எடுத்தார். மருமகள் அஞ்சி வினவியபோது, “ஒன்றுமில்லை அம்மா, மாத்திரை சூடு. வலியெல்லாம் விட்டுவிட்டது” என்றார். வீட்டாரும் அதனை நம்பினர். மேலும் இரண்டு முறை மாத்திரை உட்கொண்டார். மறுநாள் இரவு வயிறு உப்பி, வீக்கத்தின் மேல்தோல் சிவந்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். “தர்த் கப் ஸே ஹை?” என்று மருத்துவர் கேட்டார். வலி எப்போது தொடங்கியது என்பதற்கு அவரால் விடை கூற இயலவில்லை. வலி இல்லையென்றே அவர் எண்ணியிருந்தார். அன்றிரவே அறுவை நடந்தது. ஒரு சாண் நீளத்திற்கு மேல் கருத்துப்போன குடலை வெட்டி அகற்றினர். இரண்டு வாரத்திற்குமேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, இறைவன் அருளால் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் பழைய வலிமை இன்னும் திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாந்தி, மலம் கழியாமை, வயிற்று உப்பல், சோர்ந்து கிடத்தல் ஆகிய நான்கும் இம்மருந்துகளால் விளையக்கூடிய தொல்லைகள். குடல் சிக்குண்டு அடைபட்டமைக்கும் இவையே அடையாளங்கள்! எனவே மருந்தின் குறும்பு எது, குடலின் அபாயம் எது என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது. வேறுபடுத்திக் காட்டக்கூடிய முக்கிய அடையாளம் வலி. அதனையும் மருந்து மறைத்துவிடுகிறது.

அப்படியாயின், நெரிபட்ட குடலோடு வருபவருக்கு ஆஸ்பத்திரியில் வலி மருந்து கொடுக்கலாமா? இவ்வினா மருத்துவர்களிடையே நெடுநாள் வழக்காக இருந்தது. ஜக்கரி கோப் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1921இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், நோய் இன்னதென்று துணியுமுன் மார்ஃபின் கொடுப்பதைக் கண்டித்தது. பல தலைமுறை மருத்துவர்கள் அதனைப் பின்பற்றினர். பின்னர் நடந்த ஆய்வுகளோ, மருத்துவர் நேரில் பரிசோதித்து, கண்காணிப்பில் வைத்துக் கொடுக்கும் மருந்தால் நோயைக் கண்டறிவதில் பிழை மிகுவதில்லை என்று காட்டின. இன்று வலியால் துடிப்பவரை வெறுமனே காக்க வைப்பதில்லை. இதனால் நம் கருத்து மாறுபடவில்லை. அங்கே விளக்கை மூடுபவர் பாதையைத் தாமே நேரில் பார்த்துவிட்டு மூடுகிறார். வீட்டில் மூடுபவர் பாதையைப் பார்ப்பதில்லை.

அறுவைக்குப் பின்னர்

குடலிறக்கத்திற்கு மருந்தில்லை, அறுவையே தீர்வு. இத்தாலியில் பாசினி என்பார் 1880களில் வகுத்த தையல் முறை இதன் வரலாற்றில் ஒரு மைல்கல். அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் 1980களில் செயற்கை வலையை வைத்து இழுப்பின்றி மூடும் முறையைப் பரப்பினார். மகாராஷ்டிரத்தில் தோண்டாய்ச்சா என்னும் சிற்றூரைச் சேர்ந்த டாக்டர் தோங்காவ்கர், விலையுயர்ந்த வலைக்கு மாற்றாகத் தூய்மை செய்த கொசுவலைத் துணியைப் பயன்படுத்தி ஏழைகளுக்கு உதவினார். அவரும் பிறரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2003இல் வெளியாயிற்று. எம்முறையாயினும் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகின்றனர்.

வீடு திரும்பியபின் வலிக்கு என்ன செய்வது? பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலும், சிறுநீரகமும் இரைப்பையும் நலமாக உள்ளவர்களுக்கு ஐபுப்ரூஃபன் வகையும் போதுமானவை. அறுவையின்போதே அவ்விடத்தில் மரப்பு மருந்து செலுத்துவதால் முதல் நாள் வலியும் குறைகின்றது. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, குடலிறக்கம் உள்ளிட்ட சில எளிய அறுவைகளுக்குப் பின் கொடுத்தனுப்பிய அபினி வகை மாத்திரைகளில் 100க்கு 28 மட்டுமே உண்ணப்பட்டன என்று கண்டது. எஞ்சியவை வீடுகளில் தங்கின. நாம் மேலே கூறிய பெரியவருக்குக் கிடைத்த அட்டைகளும் அவ்வாறு எஞ்சியவையே என்பதை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக.

வயது முதிர்ந்த ஆண்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. அறுவைக்குப் பின் சிறுநீர் கட்டிக்கொள்ளுதல் குடலிறக்கச் சிகிச்சையில் நன்கறியப்பட்டதொரு இடர். அபினி வகை மருந்துகள் சிறுநீர்ப்பையின் உணர்ச்சியை மழுங்கச் செய்து அதனை மிகுவிக்கின்றன. புராஸ்டேட் சுரப்பி பருத்தவர்கள் இதில் எளிதில் சிக்குவர். சிறுநீர் கழிக்க முக்குவதும் முக்குதலே அன்றோ? அறுவைக்குப் பின் பல மணி நேரமாகியும் சிறுநீர் இறங்காது அடிவயிறு கனத்தால் தயங்காமல் செவிலியரிடம் கூறுதல் வேண்டும். வெட்கம் இங்கே பகையாகும்.

உறக்க மாத்திரையுடனோ மதுவுடனோ இம்மருந்துகளை உட்கொண்டால் மூச்சு மந்தமாகி உயிருக்கு ஊறு நேரலாம். குறட்டையும் மூச்சுத் திணறலும் உடையவர்கள் இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இம்மருந்து வேண்டியவர்களும் உண்டு

இவ்வளவும் கூறியதால் அபினி வகை மருந்துகள் யாவும் நஞ்சு என்று எவரும் எண்ணிவிடலாகாது. புற்றுநோயின் கொடிய வலியில் துடிப்பவர்களுக்கு மார்ஃபினைப் போல் துணை செய்வது வேறொன்றில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டு நோயாளிகள் பலர் அம்மருந்து கிட்டாமல் வருந்தினர். கேரளத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலானோர் இடைவிடாது முயன்றனர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு ஓரளவு வழி பிறந்தது. அத்தகைய நோயாளிக்குக் குடலிறக்கமும் இருக்குமாயின், மருந்தை நிறுத்துவது தீர்வன்று. மருந்து தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியையும் தொடங்குவதே முறை. நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வாந்தி, வயிற்றுவலி முதலியன தாக்கும். குறைப்பதாயினும் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

மலமிளக்கி என்றதும் நம் நாட்டுப் பெருமை ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. உலகெங்கும் மருந்து நூல்களில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று குறிக்கப்பெறும் நிலவாகை, நம் திருநெல்வேலிச் சீமையின் பெயரைத் தாங்கியது. குடலை இயங்கத் தூண்டும் ஆற்றல் உடையதாதலின், குடலை உறங்கச் செய்யும் அபினி வகை மருந்துகளுக்கு அது தக்க மாற்றாக மருத்துவர்களால் கொடுக்கப்படுகிறது. மலத்தில் நீரை நிறுத்தி இளக்கும் லாக்டுலோஸ் போன்றவையும் உண்டு. வடநாட்டில் எங்கும் கிடைக்கும் இசப்கோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அது நீரை உறிஞ்சிப் பெருப்பதால் மலத்தைத் தள்ளுவது. குடல் தள்ளும் வலுவிழந்திருக்கும்போது, அதிலும் நீர் குறைவாகப் பருகுவோரிடத்து, உள்ளேயே கெட்டிப்பட்டு அடைப்பை உண்டாக்கலாம். இவ்வகை மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் அதனை எடுத்தல் நன்றன்று.

வீட்டில் செய்யத் தக்கவை

குடலிறக்கம் உள்ளவர் எந்த மருத்துவரிடம், எந்த நோய்க்காகச் சென்றாலும் அதனைக் கூறுதல் வேண்டும். பல் வலிக்கும் முழங்கால் வலிக்கும் மருந்து எழுதுபவர், வேட்டிக்குள் இருப்பதை அறியமாட்டார். “ஹர்னியா ஹை” என்ற இரண்டு சொற்கள் போதும். மலச்சிக்கலை இந்தியில் ‘கப்ஜ்’ என்பர்; வாந்தியை ‘உல்டி’ என்பர். வங்கத்தில் மலச்சிக்கல் ‘கோஷ்டகாட்டின்யம்’; மராட்டியத்தில் ‘பத்தகோஷ்டதா’. பிள்ளைகள் வேலைக்குச் சென்ற வேளையில் தனித்திருக்கும் பெரியவருக்கு இச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் நலம்.

வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் நின்றுவிட்டாலோ, கல்லாக இறுகித் தொட்டால் நொந்தாலோ, தோல் சிவந்தாலோ, வாந்தியும் வயிற்று உப்பலும் கண்டாலோ, மலமும் வாயுவும் கழியாது போனாலோ, இரவென்று பாராமல் அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். முன்னிருந்த வலி திடீரென நின்றுபோனாலும் மகிழ்ந்துவிடக் கூடாது. குடல் மடிந்ததாலும் வலி அடங்குவதுண்டு. அவ்வேளையில் வீக்கத்தை வலிந்து அழுத்தலாகாது. உணவும் நீரும் கொடுக்கலாகாது. குறிப்பாக, மலம் போகவில்லையே என்று தாய்மார் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்துவிடக் கூடாது. அடைபட்ட குடலைப் பின்னிருந்து தள்ளுவது பெருங்கேடு. உட்கொண்ட மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, கடைசியாக எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை உண்டார் என்பதையும் கூறுதல் வேண்டும்.

ஒருவருக்கு எழுதிய வலி மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை நம் குடியிருப்புகளில் அறவே ஒழிக்க வேண்டும். அயலூரில் அண்டை வீட்டாரே நமக்கு உற்றார். அவர் கொடுப்பதை அன்பென்றே ஏற்கிறோம். சோறு கொடுக்கலாம், துணி கொடுக்கலாம், நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் துணையாக வரலாம். மாத்திரை மட்டும் வேண்டாம்.

ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்திறங்கும்போது பயணக் களைப்பைப் பற்றிக் கேட்கிறோம், மழை பெய்ததா என்று கேட்கிறோம், கோயில் திருவிழா எப்படி நடந்தது என்று கேட்கிறோம். ஓரிரு நாள் கழித்து, மகன் தனியே அருகமர்ந்து மேலும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். “அப்பா, எங்கேனும் வீக்கம் உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” முதலில் அவர் ஒன்றுமில்லை என்றே சொல்வார். விடாமல் மறுமுறையும் கேட்கட்டும்.